வெள்ளிக்கிழமையில் எலி

பலெர்மோ, பெப்ரவரி 23

என் மனைவிக்கு,

1. ஜனவரி 31: வெள்ளிக்கிழமை விரதநாள் என்று, பாம்புக்கு இரையாகப் பிறீசரில் இருந்த எலிக்குஞ்சுகளைக் குப்பையில் போட்டீர்.
2. பெப்ரவரி 2: பாம்பின் பெட்டிக்குள் பால் வைத்தீர். பால் அதற்கு ஆகாது என்று மகள் பலமுறை சொல்லியிருந்தாள்.
3. பெப்ரவரி 3: “இஞ்சாருங்கோ, நாகதம்பிரானுக்கு ஐஸ் எலியே குடுக்கிறது? இந்த வீட்டிலை நான் இருக்கமாட்டன்” என்று ஒரேத்தோவிலுள்ள உமது தங்கை வீட்டுக்குப் போனீர்.

மகள் மிலானோவுக்குப் படிக்கப் போகையில் நம் இருவரிடமும் ஒப்படைத்தது நஞ்சில்லாத ஒரு சோளப்பாம்புக் குட்டியை, தெய்வத்தை அல்ல.

நீர் போன பிறகு அதன் கண்கள் நீலம் பூத்து மங்கின. இருமுறை இரையை மறுத்தது. சட்டை உரிக்குமுன் அப்படித்தான் இருக்கும் என்று வாசித்து அறிந்தேன். ஆயினும், வெந்நீரில் இளக்கிய எலிக்குஞ்சை இடுக்கியில் பிடித்தபடி நான் நின்றபோது, “பொறுங்கோ, தின்னும்” என்று சொல்ல வீட்டில் எவரும் இருக்கவில்லை.

சட்டை முழுதாகக் கழன்றது. சென்ற வியாழன் மீண்டும் உண்டது. அந்தச் சட்டையை உமது சாமிப்படங்களின் முன் வைத்திருக்கிறேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

இனி வியாழனே அதற்கு இரை நாள். வெள்ளியில் இந்த வீட்டில் எலி இளகாது.

இது போதுமா, போதாதா என்று 28ஆம் திகதி வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் பதில் தரவும். தங்கை மூலம் வரும் பதிலை ஏற்கமாட்டேன்.

உமது கணவன்