இரண்டாவது பட்டியலில் நீ

இன்று காலை, திரையின் ஓரத்தில் நீ ஒட்டியிருந்த மஞ்சள் காகிதம் பசை காய்ந்து விழுந்துவிட்டது. "ஓட வேணுமா? எழுத மட்டும் வேணுமா?" அதே கோழிக் கிறுக்கல். மூன்று முறை ஒட்டிப் பார்த்தேன், நிற்கவில்லை. உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பாயான் பாரு வாடகை அறையில் உட்கார்ந்து, டயாலிசிஸ் நிலையத்துக்கு வேன் அனுப்பும் செயலியை நாம் இருவரும் எழுதினோமே, அந்தக் காலம். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் பிறர் எழுதி வெளியிட்ட நிரல் தொகுப்புகள், அந்தப் பேக்கேஜுகள், இல்லாமல் வேலை நடக்காது. அவற்றுக்கு இரண்டு பட்டியல். செயலி ஓடத் தேவையானவை முதலாவதில். நாம் எழுதவும் சோதிக்கவும் மட்டும் தேவையானவை இரண்டாவதில். செயலி நிஜமாக ஓடும் சர்வர் முதலாவதை மட்டும்தான் இறக்கிக்கொள்ளும். இவ்வளவுதான் சங்கதி, இதிலும் நான் கோட்டைவிட்டேன். நேரம் கணக்கிடும் பேக்கேஜை இரண்டாவதில் போட்டுவிட்டேன். என் கணினியில் ஜோராக ஓடியது. சர்வரில் செயலி எழவே இல்லை. அன்று காலை ஒரு வேனும் கிளம்பவில்லை.

நீ திட்டவில்லை. கார் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினாய். வீடு வீடாகப் போய் நோயாளிகளை நாமே ஏற்றினோம். ரெலா பக்கம் ஏறிய அங்கிள் காரைப் பார்த்து, "என்னம்மா, வேன் சுருங்கிப் போச்சா?" என்றார்.

"தொவச்சிட்டோம் அங்கிள், அதான்" என்றாய்.

திரும்பும் வழியில்தான் என்னிடம் சொன்னாய்: "ஒன்னோட மெஷின்ல எல்லாம் இருக்கும் லா. அங்க இருக்காது." அன்று ஒட்டியதுதான் இந்தக் காகிதம்.

பிறகு உனக்கு டிங்கிக் காய்ச்சல். ஒரே வாரம். "நாளைக்கு வந்துருவேன்டி" என்று ஆஸ்பத்திரியிலிருந்து நீ அனுப்பிய குரல் செய்தியை அழிக்கவும் மனமில்லை, கேட்கவும் தெம்பில்லை.

யாரை முதலில் ஏற்றுவது, யாரை அடுத்து ஏற்றுவது என்று வரிசைப்படுத்த நீ எழுதி, உன் பெயரிலேயே வெளியிட்ட சின்ன பேக்கேஜ் முதல் பட்டியலில் இருந்தது. சர்வரைப் புதுப்பித்ததும் அது முரண்டு பிடித்தது. திருத்தி வெளியிடலாம் என்றால் கடவுச்சொல் உன்னோடு போய்விட்டது. நானே ஒட்டுப்போட்டுப் பார்த்தேன், சில நாள்தான் தாங்கியது. நோயாளிகளை வாசலில் காக்கவைக்க முடியுமா? நேற்று வேறு யாரோ எழுதியதைப் போட்டேன். பட்டியலில் உன் பேக்கேஜ் இருந்த வரியை அழிக்கக் கை வரவில்லை. இரண்டாவது பட்டியலுக்கு நகர்த்தி வைத்தேன்.

அங்கே அதற்கு ஒரு வேலையும் இல்லை. நீ பார்த்திருந்தால், "குப்ப எதுக்கு லா?" என்றிருப்பாய்.

இன்று எல்லா வேன்களும் நேரத்துக்குப் போய்விட்டன. ஏதாவது உடையும் என்று போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். உடைய வேண்டும் என்றுகூட ஆசைப்பட்டேன், மன்னித்துவிடு. ஒரு அழைப்பும் வரவில்லை. நீ இல்லாமல் எல்லாம் ஓடுகிறது. இதைத்தான் சொல்ல வாய் வரவில்லை.

இப்போதுதான் இரண்டு பட்டியலையும் என் கணினியில் மறுபடி இறக்கினேன். உன் பெயர் வந்து நின்றது. என் மெஷினில் நீ இருக்கிறாய். அங்கே இல்லை.