ஜன்னல் பக்கத்துப் பாதி

என் ஷீபா,

நாளைக் காலை நம் மேசையை அறுக்கப் போகிறார்கள். உனக்குச் சொல்லாமல் எப்படி?

நீ ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பாமல் போன பிறகு வந்த முதல் மழைக்காலம் இது. உங்கள் வீட்டுப் பின்னறையில், நாம் ஸ்டூடியோ என்று பெயர் வைத்த அந்த ஒற்றை அறையில், மேசைக்கு எதிர்ச் சுவரில் ஓதம் ஏறிவிட்டது. குழந்தைகள் புத்தகத்துக்கு நாம் அச்சிட்ட படங்களை அங்கேதான் சாய்த்து வைத்திருந்தேன். நீ செதுக்கிய யானை, நான் செதுக்கிய மழை. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்தபோது யானை கிழிந்தது.

ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன் தாள்களை அள்ளிக்கொண்டு போய் உன் கட்டிலுக்கு அடியில் வைப்பாய். ஏன் என்று நான் கேட்டதே இல்லை.

படம் செதுக்கிய லினோ தகடுகள் நன்றாக இருக்கின்றன. மறுபடி அச்சிட்டுவிடலாம். தாளை எங்கே வைப்பது? அறையை மாற்றித்தான் ஆக வேண்டும். தாள் மடியாமல் படுத்திருக்க அகலமான இழுப்பறைகள். மைக்கும் உருளைகளுக்கும் ஓர் அலமாரி.

கன்னடம் கலந்து பேசும் தச்சர் நாகராஜ் வந்தார். வாசலிலேயே நின்று சிரித்தார்.

"மேடம், இது டேபிளா, பஸ் ஸ்டாண்டா? ரூம் ஃபுல்லா இதே இருக்கு."

"ரெண்டு பேர் உக்கார்ற டேபிள்ணா."

"இன்னொருத்தர் எங்க?"

டீ கொண்டு வந்த உன் அம்மாதான் பதில் சொன்னார். "என் பொண்ணு. கர்த்தர்கிட்ட போய்ட்டா."

அதன் பிறகு நாகராஜ் மெதுவாகத்தான் அளந்தார். மேசையின் நடுவே பென்சிலால் ஒரு கோடு போட்டார். "பாதியை எடுத்துட்டா அந்த ஜாகாவுல டிராயர் நிக்கும். எந்தப் பாதின்னு நீங்க சொல்லுங்க. ஸ்வல்ப யோசிச்சு போன் பண்ணுங்க, நாளைக்கே வர்றேன்."

உன் பாதி. என் பாதி. எது?

நீ இடதுகை. ஜன்னல் ஓரம் உன்னுடையது. நான் வலதுகை. கதவு ஓரம் என்னுடையது. முழங்கைகள் இடித்துக்கொள்ளாமல் இருக்க வேறு வழியில்லை. ஆனாலும் தினமும் சண்டை.

"ஜன்னல் சீட்டு எப்பவும் மகாராணிக்குத்தான்."

"டிக்கெட் எடுத்தியாடி நீ? பேசாம செதுக்கு."

நாகராஜ் போனதும் உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். முதல் முறை. எதற்கோ கத்தியை இடக்கையில் எடுத்தேன். முனை தெரியவில்லை. ஜன்னல் வெளிச்சம் இடப்பக்கமிருந்து வந்தது. கையின் நிழல் நேராகக் கோட்டின் மேலேயே விழுந்தது.

வலக்கைக்கு மாற்றினேன். கோடு பளிச்சென்று தெரிந்தது.

அப்படியானால் இத்தனை வருடம் உன் கையின் நிழலுக்குள்தான் செதுக்கினாயா? மேசையை எதிர்ச் சுவரோடு போட்டிருந்தால் வெளிச்சம் உனக்கு வலப்பக்கம் வந்திருக்கும். நிழல் என் கோட்டில் விழுந்திருக்கும். முதல் நாள், "இந்தச் சுவர்தான்" என்று அடம்பிடித்தது நீ. ஏன் ஷீபா?

உன் அம்மாவிடம் கேட்டேன்.

"எதிர்ச் செவுரு ஓதம்டி. மழைக்கு மழை ஊறும். அதான் இந்தப் பக்கம் போட்டா." டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வேற என்ன இருக்கு அதுல?"

காரணம் ஓதமா? நானா? ஓதமாகவே இருக்கலாம். உன்னைக் கேட்டிருந்தால், "ரொம்ப யோசிக்காதடி" என்றிருப்பாய். அதை உன் குரலில் ஒரு தடவை கேட்க வேண்டும். பதில்கூட வேண்டாம்.

மதியம் நாகராஜுக்கு போன் செய்தேன்.

"கதவுப் பக்கத்துப் பாதியை எடுத்துடுங்கண்ணா."

"மேடம், அது நீங்க உக்கார்ற பக்கம்."

"ஆமா."

"அப்ப நீங்க?"

"ஜன்னல் பக்கம் வந்துடறேன்."

"ஜன்னல் பக்கத்துப் பாதி மேல பூரா கத்திக் கீறல் இருக்கே, இழைச்சு பாலிஷ் போட்டுத் தரட்டா?" என்றார்.

"ஒண்ணும் செய்ய வேணாம். அப்படியே இருக்கட்டும்."

"சரி, உங்க இஷ்டம். ஆனா அறுக்கறப்ப ஒரு ஆள் அழுத்திப் புடிக்கணும். இல்லேன்னா பலகை பிளந்துடும். யாரையாச்சும் கூட்டிட்டு வரட்டா?"

"வேணாம்ணா. நான் இருக்கேன்."

மேசை மேலிருந்தவற்றை எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். பென்சில் கோடு மட்டும் இருக்கிறது. இத்தனை நாளாக இந்த அறையில் நீ இல்லாததைச் சுற்றிச் சுற்றித்தான் நடந்துகொண்டிருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

ரம்பம் இறங்கும்போது நான் வெளியே போய் நிற்க மாட்டேன். உன் பாதியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்வேன். ஒரு சிராய்கூடப் பெயராது. இது சத்தியம்.

உன் அம்மா "டி" போட்டுக் கூப்பிடும்
கூடப் பிறக்காத உன் தங்கை,
கவிதா