படப்பையில் உங்களுக்கு வைத்த பேனர்

அன்று படப்பையில், அந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு, நான் யார் என்பதைச் சொல்லவில்லை. ஆட்டோவிலிருந்து இறங்கி நடந்த பத்தடிக்குள் அந்த வாக்கியத்தை மனதுக்குள் இருமுறை சொல்லிப் பார்த்திருந்தேன். "நான் அவர் மனைவி." வாயைத் திறப்பதற்குள் வேறு ஏதோ நடந்துவிட்டது.

இன்று காலை நம் தெருமுனையில் யாருக்கோ கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். புது ஃப்ளெக்ஸுக்கு ஒரு நெடி உண்டு, செருப்புக் கடைக்குள் நுழைந்தது போல. பால் பாக்கெட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். அம்மாவிடம்கூடச் சொல்லாததை உங்களிடம் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. நீங்கள்தான் இனி யாரிடமும் போய்ச் சொல்ல முடியாதவர்.

நீங்கள் போய் இருபத்தைந்து நாள் ஆகியிருந்தது. ஒரகடத்தில் உங்கள் தொழிற்சாலையிலிருந்து, லாக்கரில் இருக்கும் பொருட்களை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். கூட வருகிறேன் என்ற அம்மாவைத் தடுத்துவிட்டுத் தாம்பரத்தில் பஸ் ஏறினேன். படப்பை கடைத்தெருவில் ஒரு தண்ணீர் லாரி குறுக்கே நின்றதில் பஸ் நகரவில்லை. ஜன்னலுக்கு வெளியே, ஆட்டோ ஸ்டாண்டுக்கு மேலே, நீங்கள்.

முதலில் சந்தோஷமாகக்கூட இருந்தது என்றால் நம்புவீர்களா? இவ்வளவு தொலைவில் உங்களுக்காக யாரோ வருந்தியிருக்கிறார்கள். கூட வேலை செய்தவர்களாக இருக்கும் என்று நினைத்தேன். பிறகுதான் படத்தைச் சரியாகப் பார்த்தேன். நான் பார்த்தேயிராத பச்சைக் கட்டம் போட்ட சட்டை. பல் தெரியும் சிரிப்பு. முன்பல் கோணல் என்று நம் கல்யாண ஆல்பம் முழுக்க உதட்டை மூடிக்கொண்டிருப்பவர் நீங்கள். கீழே சிவப்பு எழுத்தில், 'ஆறாத் துயரில் வாடும் மனைவி' என்று போட்டு ஒரு பெயர். என் பெயர் அல்ல.

அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன். உண்மையாகவே. வேறு யாருக்கோ அடித்த பேனரில் பெயரை மாற்ற மறந்திருப்பார்கள் என்று. பஸ்ஸை விட்டு இறங்கி, கிட்டே போய், எழுத்துக்கூட்டுவது போல மறுபடி படித்தேன்.

"இன்னாக்கா, தெரிஞ்சவரா?" என்றார் அங்கிருந்த ஆட்டோக்காரர்.

தலையாட்டினேன்.

"தங்கமான மன்ஷன்க்கா. ஒரு வாரம் வுட்டு ஒரு வாரம் ஞாயித்துக்கெழமைன்னா கறி வாங்கினு கரெக்டா வந்துடுவாரு. எங்க தெரு பசங்கதான் பேனர் வெச்சாங்கோ. அந்தக்காவ ஒரு வார்த்த கேக்கல, கேட்டா வாணாம்னுடும்னு. பாவம், பாடியக்கூட அது பாக்கல. கம்பெனி வேன் டிரைவர் சொல்லித்தான் அதுக்கே தெரியும். அதுக்குள்ள யாரோ சொந்தக்காரங்க எட்த்துகினு பூட்டாங்களாம்."

எடுத்துக்கொண்டு போனது நான்தான்.

"வூட்டாண்ட வுடட்டா?"

மாதத்தில் இரண்டு ஞாயிறு உங்களுக்கு ஓவர்டைம் இருக்கும். ஏறிக்கொண்டேன்.

ஆட்டோவில் போகும்போது, குரோம்பேட்டையில் நாம் பார்த்த அந்தப் படம் நினைவுக்கு வந்தது. கணவன் செத்த பிறகு, அவனுக்கு இன்னொருத்தி இருந்தது மனைவிக்குத் தெரியவருகிற கதை. அந்த மனைவி மழையில் நனைந்துகொண்டே போய் இன்னொருத்தியின் கதவைத் தட்டுவாள். எனக்கு நாடகத்தனமாக இருந்தது. "தெரிஞ்சப்புறம் எதுக்குப் போய்ப் பார்க்கணும்? இவளுக்கு வேற வேலை இல்லையா?" என்று உங்கள் காதில் சொன்னேன். விளக்குப் போட்டதும் பார்த்தால் உங்கள் கண் சிவந்திருந்தது. என் துப்பட்டாவை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏசி ஒத்துக்கல" என்றீர்கள். வீடு வந்து சேரும்வரை உங்களைக் கேலி செய்தேன். எவ்வளவு இளகின மனசு என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். "புத்தகத்துல வர்றவங்களை எல்லாம் புரிஞ்சுக்கறே, எதிர்ல உக்காந்திருக்கறவனை ஒரு தடவ படிச்சுப் பாரு" என்பீர்களே, அதையும் கொஞ்சல் என்றே எடுத்துக்கொண்டேன்.

ஒற்றை அறை வீடு. கோயிலில் தொலைந்துபோனதாக நீங்கள் சொன்ன செருப்பு வாசலில் ஜோடியாக இருந்தது. கதவைத் திறந்தவளுக்கு என் வயதுதான் இருக்கும். நைட்டியின் மேல் துண்டு. கழுத்தில் மஞ்சள் கயிறு. என்னைப் பார்த்ததும் அவள் முகம் கோணி, அழுகையும் சிரிப்புமாக ஆயிற்று.

"பாப்பா! நீயா? உள்ள வாம்மா."

எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

"எனக்கு உன்னைத் தெரியாதா? அவர் பர்ஸ்ல உன் போட்டோ எத்தனை தடவ பார்த்திருக்கேன். என் தங்கச்சி, நல்லா படிச்சவன்னு காட்டுவாரு. தங்கச்சியைக் கரையேத்தாம நான் பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டுப் போய் நின்னா ஊர் சிரிக்கும், கொஞ்சம் பொறுன்னு சொல்வாரு. ரெண்டு வருஷமா நாங்க ரெண்டு பேரும் உன் கல்யாணத்துக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தோம்."

பேசிக்கொண்டே என் கழுத்தைப் பார்த்தாள். பதினாறாம் நாள் என் தாலியைக் கழற்றியிருந்தார்கள். அவளுக்கு அது கல்யாணம் ஆகாத பெண்ணின் கழுத்து.

உங்களுக்குக் கூடப்பிறந்தவர் யாருமில்லை. நம் கல்யாணத்தில் மூன்றாவது முடிச்சைப் போட நாத்தனார் வேண்டுமே என்று உங்கள் பெரியப்பா மகளைத்தான் கூப்பிட்டார்கள்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். காது அடைத்துக்கொண்டதுதான் மிச்சம். அவள் தண்ணீர் கொடுத்தாள், குடித்தேன். ஃபேனைக் கூட்டி வைத்தாள். நான் இளைத்துவிட்டதாகச் சொன்னாள். பிறகு என் முழங்காலைத் தொட்டுக் கேட்டாள்.

"கடைசியா நீ அவர் முகத்தைப் பார்த்தே இல்ல? எப்படி இருந்துச்சு?"

"தூங்கற மாதிரி இருந்தது" என்றேன். அன்று நான் அவளிடம் சொன்ன ஒரே உண்மை.

"எனக்கு யாருமில்ல பாப்பா. எங்க வீட்ல என்னைத் தலைமுழுகிட்டாங்க. கோயில்ல மூணு முடிச்சும் அவரேதான் போட்டாரு. மூணாவது என் தங்கச்சி போட வேண்டியது, அவளுக்குப் பதிலா நானேன்னு சிரிச்சாரு. இதைக் கழட்ட எனக்குக் கை வரல. எதிர் வீட்டம்மா கழட்டறேன்னாங்க, நான்தான் விடல. அவர் வீட்டு ஆள் ஒருத்தராவது வரட்டும்னு இருந்தேன். நீ கழட்டிடு."

சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, கூந்தலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லாததை இரக்கம் என்று நான் பெருமைப்பட்டுக்கொள்ள மாட்டேன். வாய் வரவில்லை, விரல் போனது, அவ்வளவுதான். உங்கள் முடிச்சு எனக்குத் தெரியும். ஷூ லேஸ், குப்பைப் பை, எல்லாவற்றுக்கும் ஒரே இறுக்கம். வியர்வையில் ஊறிப்போன கயிற்றை நகத்தால் வெகுநேரம் நெருடி, ஒவ்வொன்றாக மூன்றையும் அவிழ்த்தேன். அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. ஒரு டம்ளர் பாலில் கயிற்றைப் போடச் சொன்னாள். போட்டேன். என் நம்பரை வாங்கிக்கொண்டாள். ஒரகடத்துக்கு நான் போகவில்லை.

அதன் பிறகு ஞாயிறுதோறும் கூப்பிட்டாள். "சாப்ட்டியா பாப்பா? தனியா இருக்காத, அம்மாகூட இரு." நானும் "சரி அண்ணி" என்றேன். எட்டு ஞாயிறு அப்படிப் போயிற்று. போன ஞாயிறு கூப்பிடவில்லை, ஒரு ஜாதகம் அனுப்பியிருந்தாள். பையனுக்கு மறைமலைநகரில் வேலை, குடிப்பழக்கம் கிடையாது. 'அண்ணன் இல்லன்னு நினைக்காத. நான் முன்ன நின்னு நடத்தறேன்' என்று கீழே எழுதியிருந்தாள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் போய், செருப்பைக்கூடக் கழற்றாமல் சொல்லிவிட்டேன். அவள் நம்பவில்லை. சிரித்தாள். போனில் நம் கல்யாணப் படத்தைக் காட்டினேன். விரலால் பெரிதாக்கி, என் முகத்தை ஒருமுறை, உங்கள் முகத்தை ஒருமுறை பார்த்தாள்.

"அன்னிக்கே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டா என் கழுத்துல கை வெச்சீங்க?"

நீங்கள் செய்ததைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டாள். பஸ்ஸில், வேலை நேரத்தில், சோற்றைப் பிசையும்போது என்று அந்தக் கேள்வியோடுதான் இருக்கிறேன். உங்கள் மேல் வரவேண்டிய கோபம்கூட அதைத் தாண்டி வர மாட்டேன் என்கிறது.

அவள் போனை என் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நேற்று மறுபடி போனேன். வீடு பூட்டியிருந்தது. வியாழக்கிழமையே காலி செய்துகொண்டு போய்விட்டதாக எதிர் வீட்டம்மா சொன்னார்.