படையலில் இருந்த திறப்பு

இன்று பின்னேரம் என் கணவர் பால்கனியில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டார். அந்த வாசம் குசினிக்குள் வந்ததும் உன் சாப்பாட்டு மேசை கண்ணுக்குள் வந்துவிட்டது. பழைய துவாய் ஒன்றை விரித்து, துவக்கைக் கழற்றி, துண்டு துண்டாக எண்ணெய் பூசித் துடைத்துக்கொண்டு நீ. வானொலியில், எங்கேயோ ஒரு பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து ஒருவன் சுட்ட செய்தி போய்க்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு அரசியல்வாதி வந்து, நம்முடைய துவக்குச் சட்டம் போதிய அளவு கடுமையானதுதான் என்றார். வானொலியை நிறுத்தினேன். மகன் நித்திரை. உன்னோடு எனக்கு இன்னும் கதை முடியவில்லையடி, சிநேகிதி.

அந்த அரசியல்வாதி சொன்னதைத்தான் நீயும் சொல்லுவாய். ஃபெரைன் என்கிற துவக்குச் சுடும் சங்கத்தில் நீ சேர்ந்தபோது, இந்த ஜெர்மன் ஊரில், பீலெஃபெல்டில், எங்கள் சனம் முழுக்க அதுதான் கதை. ஊரில் குண்டுக்குப் பயந்து பங்கருக்குள் கிடந்தவனின் மகளுக்கு இது என்ன விளையாட்டு என்று உன் சித்தப்பா கோயில் வாசலில் வைத்தே கேட்டார். நீ அசரவில்லை.

“அப்பா அதுக்குப் பயந்து ஓடி வந்தவர். நான் அதைக் கையிலை எடுத்துக் கடதாசியைச் சுடுறன். இப்ப ஆருக்கு ஆர் பயம்?”

பயம் எனக்குத்தான். மகனைக் கூட்டிக்கொண்டு உன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் துவக்கு வைக்கிற இரும்பு அலுமாரி பூட்டியிருக்கிறதா என்று கேட்காமல் விட்டதில்லை. நான் என்ன பொலிசோ என்று நக்கலடிப்பாய். பிறகு கழுத்துச் சங்கிலியில் கோத்த திறப்பை இழுத்துக் காட்டுவாய். “பூட்டிக் கிடக்கு. திறப்பு என்னட்டை. பிறகென்னடி?”

மாசி மாதத்தில் ஒரு காலை, வேலைக்கு வெளிக்கிட்டு நின்ற நீ சப்பாத்துப் போடக் குனிந்தாய், நிமிரவில்லை. மூளையில் இரத்தம் கசிந்தது என்றார்கள்.

முப்பத்தோராம் நாள் அந்திரட்டிக் கிரியைக்கு வந்தேன். உனக்குப் பிடித்ததெல்லாம் படைக்க வேண்டும் என்று உன் கணவர் ஒன்றையும் விடவில்லை. கத்தரிக்காய்ப் பால்கறி, பயற்றம் பணியாரம், நீ குடிக்கிற அப்பிள் சாறு, ஃபெரைனில் வென்ற பதக்கம். எல்லாம் உன் படத்துக்கு முன்னால். பதக்கத்துக்குப் பக்கத்தில், பூவுக்கு நடுவே, உன் சங்கிலியும் அந்தத் திறப்பும்.

உன் மகள் என் மகனின் காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். “தம்பி, அது அம்மாவின்ர துவக்குத் திறப்பு. சாப்பிட்டாப் பிறகு வா, காட்டுறன்.”

படையலில் கை வைக்கக்கூடாது என்பது எனக்கும் தெரியும். திறப்பை எடுத்தேன். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். உன் கணவருக்கு முகம் செத்துப்போயிற்று. அவளுக்குப் பிடித்த சாமான் என்று வைத்தேன், நாளைக்குப் பார்ப்போம், இன்றைக்கு இந்தக் கதை வேண்டாம் என்று கெஞ்சினார். அவரில் பிழை சொல்ல மாட்டேன். அதுவரை வந்த கடிதம் ஒன்றைக்கூடப் பிரிக்காத மனுசன். செத்தவரின் துவக்கை அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும் என்பது எங்கே நினைவில் இருக்கும்.

“நாளைக்கு எண்டால் ஏலாது அண்ணை,” என்றேன். பொலிசுக்கு நானே ஃபோன் அடித்தேன். முதல்முறை இலக்கம் பிழைத்துவிட்டது, திரும்ப அடித்தேன்.

உன் சித்தப்பா விடுவாரா? “அந்திரட்டி வீட்டுக்குப் பொலிசைக் கூப்பிட்ட முதல் ஆள் நீதான் பிள்ளை. பேர் நிலைக்கும்.”

“நிலைக்கட்டும் மாமா.”

ஒரு ஆணும் ஒரு பெண்ணுமாக வந்தார்கள். வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளைப் பார்த்துவிட்டு, பாரமான சப்பாத்தோடு உள்ளே வரலாமா என்று தயங்கினார்கள். யாரோ ஒரு மாமி வடைத் தட்டை நீட்ட, நன்றி சொல்லி மறுத்தார்கள். இப்படி எத்தனை வீடுகளில் கிடக்குமோ என்று அந்தப் பெண் பொலிஸ் எனக்குக் கேட்கும்படி முணுமுணுத்தாள். துவக்கும் தோட்டாவும் போயின. பந்தியில் எனக்குப் பக்கத்தில் யாரும் இருக்கவில்லை.

உனக்குச் சொல்ல வேண்டிய பதில் இப்போதுதான் என்னிடம் இருக்கிறது. கேள். பரீட்சை, விசாரணை, அனுமதி எல்லாம் உன்னைப் பார்த்துத் தந்தவை. நீ ஒழுங்கானவள். அந்த ஒழுங்கு உன்னோடு போய்விட்டது, துவக்கு போகவில்லை. ஒரு ஆளை நம்பிச் செய்த சட்டம், அந்த ஆள் செத்தால், உடைந்தால், ஒருநாள் காலையில் வேறு ஆளாக எழும்பினால் என்ன செய்யும்? இதற்கு ‘அமெரிக்கா எண்டு நினைச்சியோ’ என்று சிரிக்காமல் பதில் சொல்லு.

இப்போது மகனுக்குப் பிறந்தநாள் அழைப்பு வந்தால் முதலில் கேட்கிறேன், வீட்டில் துவக்கு இருக்கிறதா என்று. இருந்தால், பூட்டு யார் பொறுப்பில், அவர் இல்லாவிட்டால் யார் பொறுப்பில் என்று. சில தாய்மார் சிரிக்கிறார்கள். ஒருத்தி, இது எங்களை அவமதிக்கிற கேள்வி என்றாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. மறுமொழிக்குக் காத்து நின்றேன். இனி எங்களை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று என் கணவர் புறுபுறுக்கிறார். கூப்பிடாவிட்டால் போகட்டும். எனக்குப் பயம்தான், எப்போதும் பயம்தான். பயந்தபடியே கேட்பேன்.

உன் கணவர் இப்போது என்னோடு திரும்பக் கதைக்கிறார். போன கிழமை வேலை என்று மகளை என் வீட்டில் விட்டுப் போனார். நான் போட்ட சோற்றை அவள் தொடவில்லை.

“நீங்கள்தானே அம்மாவின்ர துவக்கைப் பிடிச்சுக் குடுத்தது.”

“ஓம். நான்தான்.”

“நான் பெரிசானாலும் உங்களோடை கோவம்தான்.”

“சரி. பெரிசாகிக் கோவி,” என்றேன்.

அவளுடைய கோபம் இப்போது என்னிடம் இருக்கிறதடி. வளர்கிற பிள்ளையின் கோபம். வருஷா வருஷம் அவளோடு சேர்ந்து அதுவும் வளரட்டும். நான் சுமப்பேன்.