லெவிக்காக ஆற்றில் இறங்கியது

ஆகஸ்ட் 31, 1840. நாவூ

சோப்புக் காய்ச்சினேன். கை எரிகிறது. நேற்று கூட்டத்தில் கேட்டதிலிருந்து மனம் வேறெதிலும் நிற்கவில்லை. ஞானஸ்நானம் பெறாமல் இறந்தவர்களுக்காக உயிரோடிருக்கும் உறவினர் அவர்கள் பெயரில் ஆற்றில் முழுகலாம் என்கிறார் நம் சபையின் தீர்க்கதரிசி. ஏற்பதும் மறுப்பதும் மறு உலகில் அவர்கள் இஷ்டம்.

என் கணவர் லெவி போய் எட்டு வருடம். அவருக்காக நான் முழுகலாமா?

செப்டம்பர் 1

அத்தையிடம் சொன்னேன். லெவியின் அம்மா; அறுபத்தெட்டு வயதிலும் பழைய பிரெஸ்பிட்டேரியன் சபையை விடாதவர். போக்கிடம் இல்லாமல் என்னோடு வந்ததாக அவர் சொல்வார். என்னை விட்டு இருக்க முடியாமல் வந்ததாக நான் சொல்வேன்.

"உயிரோட இருந்தப்ப வேண்டாம்னவன். இப்ப வந்து சண்டை போடமாட்டான்னு தைரியமா உனக்கு?"

நியாயமாகத்தானே கேட்கிறார்.

செப்டம்பர் 3

பால்மைராவுக்குப் பக்கத்தில் குடியிருந்தபோது ஒருவர் இந்தச் சபையின் வேதப் புத்தகத்தை வாசலுக்குக் கொண்டுவந்தார். எந்தச் சபை உண்மை என்று தெரியாமல் ஒரு பண்ணை வீட்டுப் பையன், பின்னாளில் நம் தீர்க்கதரிசி, தோப்பில் முழங்காலிட்டான்; எதிலும் சேராதே என்று ஆண்டவரே சொன்னார்; பிறகு தேவதூதன் குன்றில் புதைந்திருந்த பொன் தகடுகளைக் காட்டினார்; அதிலிருந்து வந்தது இது என்றார்.

லெவி சிரித்தார். "பொன் தகடு மிச்சமிருந்தா ஒண்ணு குடுங்க, கலப்பைக்கு ஆகும்."

நான் சிரிக்கவில்லை. சிறு குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் தேவையே இல்லை, அவர்கள் கடவுளிடம் பத்திரம் என்று ஒரு பக்கம் சொன்னது. அதற்கு முந்தின மாதம்தான் என் கைக்குழந்தையை, மகனை, புதைத்திருந்தேன். அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன்.

நான் ஞானஸ்நானம் பெற்ற அன்று லெவியும் ஓடைக்கு வந்தார். "நான் இறங்கலே. நீ போ, சால்வையைப் பிடிச்சிக்கிறேன்." கேலி இல்லை குரலில்.

அது வேண்டாம் என்பதா— இப்போது வேண்டாம் என்பதா? கேட்காமல் விட்டேனே, பாவி.

செப்டம்பர் 5

குளிர்காய்ச்சல். படுத்தே கிடந்தேன்.

செப்டம்பர் 7

முழுகிவிட்டேன்.

அத்தையும் கூட வந்தார். "மறுபடி காய்ச்சல்ல விழுந்தா மாட்டை யாரு கறக்கறது?" என்று வழியெல்லாம் திட்டு. தண்ணீருக்குள், ஞானஸ்நானம் கொடுக்கும் பீல் சகோதரர் யாருக்காக என்று பெயர் கேட்டார். லெவி ஸ்டோடர்ட் என்றேன்.

கரையிலிருந்து அத்தையின் குரல். "லெவி எபனேசர் ஸ்டோடர்ட். பாதிப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா எவன் திரும்பிப் பார்ப்பான்?"

பீல் சகோதரருக்கே சிரிப்பு தாங்கவில்லை. வெளியே வந்தபோது அத்தை என் சால்வையைப் பிடித்துக்கொண்டு நின்றார். லெவி நின்ற மாதிரியே. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அங்கேயும் வேண்டாம்னுட்டான்னா?"

"சொல்லட்டும் அத்தை. நம்ம கேட்டாச்சு இல்ல."

நிம்மதியாக இருக்கிறது.

செப்டம்பர் 8

மாட்டை அத்தையே கறந்தார். சந்தோஷமான நாள்.

செப்டம்பர் 12

பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அத்தை வந்து உட்கார்ந்தார். "எழுதிக்கோ."

முழுக வேண்டிய, செத்துப்போனவர்களின் பெயர்கள். அவருடைய அப்பா. இரண்டு அண்ணன்கள். வேலித் தகராறில் பேச்சை விட்ட பக்கத்து வீட்டுக்காரி.

"நீங்களே இறங்குங்களேன்."

"எனக்கு மூட்டு வலி. எழுது." ஒரு பூசணித் துண்டை எடுத்து விதையை நோண்டினார். "பேஷன்ஸ். பதினோரு நாள் இருந்தா. ஞானஸ்நானம் குடுக்க பாதிரியார் வர்றதுக்குள்ள போயிட்டா. நாப்பத்தஞ்சு வருஷமாச்சு."

லெவிக்கு ஒரு அக்கா இருந்ததே எனக்குத் தெரியாது. இத்தனை வருடமும் அந்தக் குழந்தை எங்கே போயிற்றோ என்று தனியாகப் பயந்துகொண்டே இருந்திருக்கிறார்.

"அவளுக்கு முழுக வேண்டாம் அத்தை. அவ பத்திரமாத்தான் இருக்கா."

"யாரு சொன்னா?"

புத்தகத்தை எடுத்து வந்தேன். பத்து வருடமாக இதை விரலால் தொடாதவர். கண்ணாடியைக் கேட்டு வாங்கி, அந்தப் பக்கத்தை விரல் வைத்து இரண்டு தடவை படித்தார்.

பிறகு என் கையிலிருந்த பேனாவை வாங்கி, பட்டியலில் அந்த ஒரு பெயரை மட்டும் அவரே அடித்தார். சோளரொட்டி இருக்கிறதா என்று கேட்டு, இரண்டு சாப்பிட்டார்.