காப்புக் கட்டின வாரம் லங்காவியில் ஆட்டம்

காலையில் அரிசி மூட்டையை வைக்கலாம் என்று காரின் பின்பக்கத்தைத் திறந்தேன். குப்பென்று அடித்தது. தைலமும், காயாத காலணியும், மழையில் நனைந்து மக்கிப்போன கையுறையும் சேர்ந்த வாடை. மூட்டையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றேன். நீங்கள் இருந்தபோது இந்த வாடைக்காக உங்களை எவ்வளவு ஏசியிருப்பேன். "கறி வாங்கி இதுக்குள்ள வச்சா, கறியும் பந்து விளையாடிட்டு வந்த மாதிரி நாறுது" என்பேன். நீங்கள் பல்லைக் காட்டிக்கொண்டு, "ஜெயிச்ச வாசன புள்ள" என்பீர்கள். தோற்ற நாளிலும் இதே வாசனைதானே வந்தது, என்னங்க?

இன்று மாலை ஆறு மணிக்குள் நான் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். உங்களுக்கென்ன, நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். உங்கள் காரியம் முடிந்த மறுவாரம் நம் குழுப் பையன்கள் வந்து வாசலில் நின்றார்கள். "அக்கா, நீங்க சும்மா பேருக்கு இருங்க லா, மத்தத நாங்க பாத்துக்கிறோம்" என்றார்கள். பேருக்கு இருக்க வந்தவள் இன்றைக்கு ஜெர்சி துவைக்கிறேன், பஸ் பேசி வைக்கிறேன், நடுவரைப் பார்த்துக் கத்துகிறேன். ஆஃப்சைடு என்றால் என்னவென்று எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. அவர்கள் பக்கம் கொடி தூக்கினால் கத்தக் கூடாது, நம் பக்கம் தூக்கினால் கத்த வேண்டும், அவ்வளவுதான் தெரியும்.

விஷயம் இதுதான். பந்து விளையாட்டை மேலே இருந்து நடத்துகிறவர்கள் லீக்குகளையெல்லாம் கலைத்துத் திரும்ப அடுக்கிவிட்டார்கள். உச்சியில் பெரிய லீக், அதற்குக் கீழே ஒன்று, அதற்கும் கீழே மாநில லீக். ஜெயித்தால் ஒரு படி ஏறலாம், தோற்றால் இறங்க வேண்டும். எஸ்டேட்டுகள் தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் நம் தோட்ட லீக் அந்த ஏணியிலேயே இல்லை. வருஷா வருஷம் கோப்பை வாங்கினாலும் நமக்கு ஏறப் படி கிடையாது. இப்போது மாநில லீக்கில் ஓர் இடம் காலி, வருகிறீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். போய்விட்டால் தோட்ட லீக்கில் நம் இடத்தைக் கோலா கெத்தில் ஊர்ப் பக்கத்துக் குழு ஒன்று எடுத்துக்கொள்ளும். மாநில லீக்கில் தோற்று வெளியே வந்தால் திரும்பி வர வாசல் இருக்காது. குழுவைக் கலைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்க வேண்டியதுதான்.

எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் இருபது வயதில் சேர்த்த குழு. அது என் கையில் செத்துப்போனால் நான் எந்த முகத்தோடு திடல் பக்கம் போவேன்?

இதில் இன்னொரு சிக்கல். ஆட்ட அட்டவணையை அனுப்பியிருந்தார்கள். நம் அம்மன் கோயில் திருவிழா வாரத்தில் நமக்கு ஆட்டம், அதுவும் லங்காவியில். கோலா கெடாவுக்குப் போய், அங்கிருந்து ஃபெரி ஏறி, கடல் தாண்டிப் போக வேண்டும். நம் கீப்பர் ரவிக்கு அப்போது கையில் காப்பு இருக்கும்.

தோட்ட லீக்கில் இந்தத் தொல்லையே வந்ததில்லை. காப்புக் கட்டியவன் எல்லை தாண்டக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே எந்தத் தோட்டத்துக் கோயிலில் காப்புக் கட்டுகிறார்களோ, அந்த வாரம் அந்தத் தோட்டத்துத் திடலிலேயே ஆட்டம். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. பீடோங்கிலிருந்து வரும் தேவாலயத்துப் பையன்கள்கூட, "உங்களுக்கு எப்ப காப்பு, நாங்களே வந்துடுறோம்" என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வார்கள். தோட்டத்தில் முக்கால்வாசிப் பேர் தாமான் குடியிருப்புகளுக்குப் போய்விட்டோம், ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆனாலும் காப்புக் கட்டியவர்கள் தொழிற்சாலைக்கு லீவு போட்டுவிட்டு இன்றும் கோயிலில்தான் படுக்கிறார்கள்.

அட்டவணையைப் பார்த்ததும் எனக்கு உங்கள் அந்தக் கூத்துதான் ஞாபகம் வந்தது. நீங்களும் ஒரு தடவை லீக் மாறினீர்கள். ஊர் லீக்கில் சேர்ந்தால்தான் பையன்களை நாலு பேர் பார்ப்பார்கள் என்று ஒற்றைக் காலில் நின்று கொண்டுபோய்ச் சேர்த்தீர்கள். காப்பு வாரத்தில் கோலா கெடாவில் ஆட்டம் விழுந்தது. அன்றும் ரவிதான் கீப்பர், மீசை சரியாக முளைக்காத வயது, கையில் மஞ்சள் காப்பு. வேறு ஆளாக இருந்தால் மாற்று ஆளைத் தேடியிருப்பார். நீங்கள் கோயிலுக்குப் போய்ப் பூசாரி முத்தையா அண்ணனிடம் வழக்குப் பேசினீர்கள்.

"எல்லைய அவன் தாண்ட வேணாம்ணே. எல்லையையே கூட்டிட்டுப் போறோம்."

"மண்ண அள்ளிட்டுப் போனா எல்ல கூட வந்துடுமா?"

"கரகத்துல ஆத்தாளே கூட வர்றா. மண்ணு வராதா?"

முத்தையா அண்ணன் தலையைச் சொறிந்தார். பிறகு, "என்னமோ செய், எனக்குத் தெரியாது" என்று உள்ளே போய்விட்டார். அதைச் சம்மதம் என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். தோட்டத்து நாலு மூலையிலும் மண் அள்ளிப் பெரிய பால்மாவு டின்னில் நிரப்பினீர்கள். பஸ்ஸில் ரவியின் காலடியில் சாக்கை விரித்து மண்ணைக் கொட்டி, அதன்மேல் அவன் காலை வைக்கச் சொன்னீர்கள். "கால் நம்ம மண்ணுலதான இருக்கு? அப்புறம் என்ன?" என்றீர்கள். பாவம், அவன் வழி முழுக்கக் காலை நகர்த்தவேயில்லை. நான் கருவாடு வாங்கலாம் என்று கூட வந்தவள். சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆட்டம் தொடங்கும் முன்பே போய்க் கோல் கம்பத்துக்கு முன்னால் மண்ணைத் தூவிவிட்டீர்கள். யாரும் கவனிக்கவில்லை. முதல் பாதியில் ரவி பாய்ந்து பாய்ந்து பிடித்தான். இடைவேளை விசில் ஊதினார்கள். எல்லாவற்றையும் யோசித்த மனிதருக்கு, இரண்டாம் பாதியில் பக்கம் மாறும் என்பது மட்டும் தோன்றவில்லை! அத்தனை பேர் பார்க்க, நீங்கள் முட்டி போட்டு உட்கார்ந்து மண்ணைக் கையால் கூட்டி டின்னில் அள்ள ஆரம்பித்தீர்கள். அள்ளிக்கொண்டு எதிர்ப் பக்கத்துக் கோலுக்கு ஓடினீர்கள். அங்கே போய்த் தூவினீர்கள். கூட்டத்தில் யாரோ செய்வினை என்று கத்தினார்கள். அவ்வளவுதான். எதிர்க்குழு ஆட்டக்காரர்கள் அந்தப் பக்கம் கால் வைக்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். நீங்கள் நடுவரிடம் மலாயில் விளக்கம் சொல்லச் சொல்ல, அவர் ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகர்ந்தார்.

ஆட்டம் அத்தோடு நின்றது. அவர்கள் ஜெயித்ததாக எழுதிக்கொண்டார்கள். அந்த லீக்கிலிருந்தும் நம்மை எடுத்துவிட்டார்கள். திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு ஆத்திரம். "எதுக்குங்க இந்த வேண்டாத வேல? நமக்கு நம்ம லீக் போதாதா?" என்று கேட்டேன். நீங்கள் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே, "போன விதம் தப்புன்னு சொல்லு, ஒத்துக்கிறேன். போனதே தப்புன்னு சொல்லாத" என்றீர்கள். தோட்ட லீக்கில் நம்மைக் கேலி பண்ணித் தீர்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். "எல்லையைத் தூக்கிட்டுப் போனவங்க வந்துட்டாங்க டோய்" என்று எந்தத் திடலுக்குப் போனாலும் ஒரே சிரிப்பு. அன்று திரும்பி வர ஓர் இடம் இருந்தது. இன்று அது இல்லை என்பதுதான் என் கவலை, உங்களுக்குப் புரிகிறதா?

நேற்றுப் பயிற்சி முடிந்ததும் பையன்களை உட்கார வைத்துக் கேட்டேன். கோல் அடிக்கிற தினேஷ்தான் முதலில் பேசினான்.

"போலாம்க்கா. இங்கயே சுத்திச் சுத்தி அதே ஆளுங்களோட விளையாண்டா யாரு பாப்பாங்க? அடுத்த வருஷம் நானும் சிங்கப்பூருக்குக் கிளம்பிடுவேன், சொல்லிட்டேன்."

அவன் மிரட்டவில்லை, உண்மையைச் சொன்னான். இரண்டாம் கீப்பராக இருந்தவனும் அப்படித்தான் போனான். இருந்தாலும் சாவு, போனாலும் சாவு என்றால் நான் எதைப் பிடிப்பது? ரவி பக்கம் திரும்பினேன். நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நீங்கள் எழுந்து வந்தால் மூன்று வருஷம் தீச்சட்டி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டவன் அவன். நீங்கள் எழுந்து வரவில்லை. ஆனாலும் போன வருஷம் எடுத்தான்.

"ரவி, அண்ணந்தான் இல்லையேப்பா. இந்த வருஷம் காப்பு கட்டாம இருந்தா ஆத்தா கோவிச்சுக்குவாளா?" என்று கேட்டேன். கேட்கும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

"அண்ணன் பொழைக்கலன்னா வேண்டுனது இல்லன்னு ஆயிடுமாக்கா?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னான். "நீங்க லீக் மாறுங்க. அந்த ஒரு மேட்ச் எனக்காக நிக்க வேணாம். தினேஷ் நெட்டையாத்தான இருக்கான், அவன கோல்ல நிறுத்துங்க."

"நான் கோல்லயா? செத்தோம்!" என்றான் தினேஷ். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதுவரை எழுதி வைத்துவிட்டு, ஆறு மணி ஆகும்வரை தள்ளிப்போட்டு, மாநில லீக் அதிகாரியைப் போனில் கூப்பிட்டேன். மரியாதையான மனிதர், சின்ன வயது. அந்த வாரத்து ஆட்டத்தை நம் திடலில் வைக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். அட்டவணை வெளியாகிவிட்டது அம்மா, மன்னிக்க வேண்டும் என்றார். "சரி, அந்த ஆட்டத்தில் நாங்கள் தோற்றால் தோற்றுப் போகிறோம். எங்கள் குழு வருகிறது" என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொல்லிவிட்டேன். கீப்பர் எங்களோடு வரமாட்டார், அவருக்குக் கோயிலில் வேலை இருக்கிறது என்றும் சொன்னேன். அவர் அது எதற்கென்று கேட்கவில்லை.

வேறொன்று கேட்டார். குழுவுக்கு மேனேஜர் பழைய ஆள்தானே என்று உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டார். தோட்ட லீக்கில் இன்றுவரை உங்கள் பெயர்தான் இருக்கிறது. மாற்றச் சொல்லி அவர்களும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. கேட்கிறவர்களிடமெல்லாம் அவர் இல்லை என்பேன், தவறிட்டார் என்பேன், அதற்குமேல் சொன்னதில்லை. இன்று என் கணவர் இறந்துவிட்டார் என்று மலாயில் சொன்னேன். பிறகு மேனேஜர் இடத்துக்கு என் பெயரைச் சொன்னேன். அவர் ஒரு தடவை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார்.

போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். தட்டில் சோறு போட்டேன், ஒரு வாய் இறங்கவில்லை. அப்போதுதான், என்னங்க, ஒன்று உறைத்தது. ஆட்டத்தன்று காலையில் நீங்கள் தோசையைத் தொடவே மாட்டீர்கள். கேட்டால், வாயு என்பீர்கள். நானும் அதை நம்பி ஓமத் தண்ணி வைத்துக் கொடுத்தேன், இத்தனை வருஷமாக. பையன்களுக்கு முன்னால் அப்படி மார்பை நிமிர்த்திக்கொண்டு நடந்தீர்களே, வயிற்றுக்குள் இந்தப் பயமா இருந்தது? என்னிடமாவது சொல்லியிருக்கலாம். நான் என்ன, ஊரெல்லாம் சொல்லியிருப்பேனா?

கொஞ்ச நேரத்தில் ரவி கூப்பிட்டான். சொல்லிவிட்டீர்களா என்று கேட்டான், சொல்லிவிட்டேன் என்றேன்.

"குரல் ஒரு மாதிரி இருக்குக்கா. சாப்டீங்களா இல்லையா?"

"இல்லப்பா," என்றேன், "வாயு."