மேட்டில் நிற்கும் வண்டி

மார்ச் 4, திங்கள்
வண்டி இன்று பதினெட்டாவது கிலோமீட்டரில், மேட்டின் பாதியில், புளியமரத்தடியில் திணறி நின்றுவிட்டது. என் வீட்டுக்காரி பக்கத்து சீட்டில். இருபது நிமிடம் ஆறப் போட்டதும் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பியது. அவளுடைய டயாலிசிஸுக்கு எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டியவர்கள், எட்டே காலுக்குப் போனோம். "இன்னொரு தடவை லேட்டானா மெஷின அடுத்தவங்களுக்குக் குடுத்துடுவோம், தாத்தா" என்றாள் நர்ஸ். வண்டியை விட்டால் பஸ்தான், அது பதினோரு மணிக்குத்தான்.
நான் சொல்ல மருமகள் எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது, மறதியும் வராது.

மார்ச் 5
மெக்கானிக் சுருட்டை வந்து டீசல் ஃபில்டரை மாற்றினான்.
"பெருசு, நீங்க எதுலயாவது கைய வச்சீங்களா?"
"நானா? இருபத்தெட்டு வருஷமா ஓட்டுறேன். உன்னக் கேக்காம ஒரு போல்ட்டத் தொட்டிருப்பேனா?"

மார்ச் 7, வியாழன்
அதே மேடு. அதே புளியமரம். போய்ச் சேர்ந்தபோது எட்டரை. அவளுடைய மெஷின் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். இனி திங்கள்தான். நான் கத்தினேன். அவள்தான் என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். அந்தக் கையில் பலமே இல்லை.

மார்ச் 8
சுருட்டை டீசல் போகும் வழியில் கண்ணாடி மாதிரி ஒரு டியூப் மாட்டிப் பார்த்தான். காற்றுக் குமிழி இல்லை. அப்புறம் ஒரு கேனில் டீசல் ஊற்றி, அதிலிருந்து நேராகப் பம்புக்குக் குழாய் கொடுத்தான். கேனை மடியில் வைத்துக்கொண்டு அவன் உட்கார, நான் ஓட்டினேன். வண்டி மேட்டை ஒரே மூச்சில் ஏறியது!
"அப்போ இன்ஜின் நல்லாருக்கு, பம்ப் நல்லாருக்கு. கோளாறு டேங்க் பக்கம்தான்" என்றான். டேங்கை இறக்கிக் கழுவினான். ஒரு டம்ளர் துரு வந்தது. மாட்டியதும் கடைத்தெருவரை ஓட்டிப் பார்த்தோம். நிற்கவில்லை. தீர்ந்தது என்றுதான் நினைத்தேன்.

மார்ச் 10
அவளுக்குக் கால் வீங்கிவிட்டது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது.

மார்ச் 11, திங்கள்
நின்றுவிட்டது. அதே மேடு. ஏழு பத்து. அவளுக்கு மூச்சு இரைக்கிறது. என்னடா செய்வது? டீசல் எங்காவது ஒழுகிவிட்டதோ என்று டேங்க் மூடியைத் திறந்தேன். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது. மூடி கையில், நான் அப்படியே நிற்கிறேன்.
மூடிக்கு உள்பக்கம் ஒரு ரப்பர் வட்டம். நான் ஒட்டியது! பிப்ரவரி இருபது, செவ்வாய்க்கிழமை. பழைய டயர் டியூபை அவளுடைய கத்தரிக்கோலால் வெட்டினேன். டீசல் வாடைக்கு வழியெல்லாம் வாந்தி எடுத்தாளே என்று. டேங்க் மூச்சுவிட மூடியில் குண்டூசி அளவு ஓட்டை உண்டு. அதையும் சேர்த்து அடைத்துவிட்டேன். முதல் சில நாள் தெரியவில்லை, டீசலில் ஊறி ரப்பர் உப்பியதும் ஓட்டை முழுக்க அடைந்துவிட்டது. டீசல் குறையக் குறைய உள்ளே காற்று போக வழியில்லை. பம்பு எதை இழுக்கும்?
சுருட்டை கேட்டபோது நான் பொய் சொல்லவில்லை. வண்டியில் கை வைத்ததாகவே எனக்குத் தோன்றவில்லை. அது அவளுக்குச் செய்த வேலை. மூடி பூட்டுப் போட்டது வேறு. டேங்க் கழுவியபோதுகூட மூடியை நான்தான் திறந்து என் சட்டைப் பையில் போட்டிருந்தேன், சுருட்டை கண்ணில் படவேயில்லை.
ரப்பரை நகத்தால் பிய்த்து எறிந்தேன். வண்டி உடனே கிளம்பியது. ஏழு ஐம்பத்தாறுக்கு உள்ளே படுக்க வைத்தார்கள்.
திரும்பும்போது அவளிடம் சொன்னேன். மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டாள். பிறகு, "என் மூக்கக் காப்பாத்துறேன்னு என்னயே மேல அனுப்பி வச்சிருப்பீங்க" என்றாள். சிரித்தாளா என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மார்ச் 12
சுருட்டையிடம் போய் நானே ஒப்புக்கொண்டேன். "இன்னும் என்னென்ன ஒட்டி வச்சிருக்கீங்க? இப்பவே சொல்லிடுங்க" என்றான்.

மார்ச் 14, வியாழன்
ஜன்னலை முழுக்க இறக்கிவிட்டு, மூக்கில் துண்டை வைத்தபடி கண்ணை மூடியிருந்தாள். இரண்டாவது கியரில் ஏறினேன். புளியமரம் பின்னால் போனது.
வெகுதூரம் போனபின், "மேடு இன்னும் வரலியா?" என்றாள்.
"தாண்டி நாலு கிலோமீட்டர் ஆச்சு."
"சொல்றதுக்கென்ன" என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.